பீட் சதுப்புநிலங்களில் அமிலப் படிவும் கந்தகச் சுழற்சியும்: ஒரு விளக்க நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வெளியாகும் கந்தக டை ஆக்சைடு மழையுடனும் பனிமூட்டத்துடனும் தூசியுடனும் நிலத்தை வந்தடைவது அமிலப் படிவு எனப்படும். ஏரிகளிலும் காடுகளிலும் அதன் விளைவுகள் விரிவாக அறியப்பட்டுள்ளன. பீட் சதுப்புநிலங்களில் அது செயல்படும் முறை வேறுபட்டது. அங்கு வந்து சேரும் சல்பேட், ஆக்சிஜனற்ற அடுக்குகளில் ஒடுக்கமடைந்து பெரும்பாலும் கரிமக் கந்தகமாகச் சேமிக்கப்படுகிறது. மீத்தேன் உற்பத்தியைக் குறைக்கிறது. மெத்தில் பாதரசம் உருவாவதைத் தூண்டுகிறது. வறட்சியில் மீண்டும் கந்தக அமிலமாக வெளியேறுகிறது. இச்செயல்முறைகளைப் பிரிட்டன், ஜெர்மனி, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கள ஆய்வுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. சதுப்புநிலம் தான் பெற்ற கந்தகத்தின் பெரும்பகுதியை நிலுவையில் வைத்திருக்கிறது என்பதும், அந்நிலுவை எப்போது வெளிப்படும் என்பதை நீர்மட்டம் தீர்மானிக்கிறது என்பதும் இதன் மையக் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: அமிலப் படிவு, பீட், சல்பேட் ஒடுக்கம், மீத்தேன், மெத்தில் பாதரசம், நீர்மட்டம்

முன்னுரை

மான்செஸ்டர் நகரின் மழைநீரை ஆராய்ந்த வேதியியலாளர் இராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், நகரின் நடுவே பெய்யும் மழையில் கந்தக அமிலம் இருப்பதை 1852இல் பதிவு செய்தார். 1872இல் வெளியான தம் நூலில் ‘அமில மழை’ என்ற தொடரையும் அவர் கையாண்டார். அந்நகருக்குக் கிழக்கே தென் பென்னைன் மலைத்தொடர் உள்ளது. அதன் மேட்டுநிலங்கள் பீட் படிவால் போர்த்தப்பட்டவை. தொழிற்புரட்சியின் கரும்புகையை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏற்ற நிலம் அது. இன்று பிரிட்டனின் வானம் பெருமளவு தூய்மையடைந்துவிட்டது. 1970இல் ஆண்டுக்கு 60 இலட்சம் டன்னுக்கு மேல் இருந்த அந்நாட்டின் கந்தக டை ஆக்சைடு வெளியீடு, 2010களின் இறுதியில் அதில் 5 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தது. எனினும் பென்னைன் பீட் நிலங்களிலிருந்து வழியும் ஓடைகள் பழைய கந்தகத்தை இன்னும் சுமந்து வருகின்றன.

மாசு நின்ற பின்னரும் அதன் விளைவு தொடர்வது ஏன் என்ற வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. இதற்கு விடை காண, சதுப்புநிலத்திற்குள் கந்தகம் எவ்வடிவங்களை எடுக்கிறது, எவற்றுடன் வினைபுரிகிறது, எப்போது வெளியேறுகிறது என்பவற்றை வரிசையாக அறிதல் வேண்டும்.

பீட் நிலத்தின் அமைப்பு

நீர் தேங்கிய இடத்தில் இறந்த தாவரங்கள் முழுமையாக மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்வதால் உருவாவது பீட். இது நிலக்கரியாக மாறாத தொடக்க நிலைப் படிவு. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காட்டில் மட்டுமே பரவியுள்ள பீட் நிலங்கள், உலக மண்ணில் உள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தேக்கி வைத்துள்ளன. நீலகிரியின் உயர்மலைச் சதுப்புப் பள்ளங்களிலும் பீட் படிந்துள்ளது. அதன் கரிம ஐசோடோப்புகளைக் கொண்டு கடந்த 20,000 ஆண்டுகளின் காலநிலை மாற்றத்தை ஆராய்ந்த கட்டுரை 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. எனினும் பீட்டின் பெரும்பகுதி கனடா, இரசியா, வட ஐரோப்பா போன்ற குளிர் நாடுகளில் உள்ளது. அமிலப் படிவு பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் அங்கேயே நிகழ்ந்துள்ளன.

நீர் வரும் வழியைக் கொண்டு பீட் நிலங்களை இருவகையாகப் பிரிப்பர். மழைநீரை மட்டுமே நம்பியிருப்பவை ஒருவகை. சுற்றியுள்ள நிலத்திலிருந்து கசிந்து வரும் நீரையும் பெறுபவை மற்றொரு வகை. முதல் வகைக்குக் கனிமங்களும் ஊட்டங்களும் வானிலிருந்தே வரவேண்டும். ஆதலால் மழையின் வேதியியல் மாறினால் அந்நிலத்தின் வேதியியலும் நேரடியாக மாறுகிறது. அங்கு வளரும் ஸ்பேக்னம் என்னும் மாஸ் வகைத் தாவரமே பீட்டின் முதன்மையான மூலப்பொருள். அதற்கு வேர் இல்லை. நீரையும் ஊட்டத்தையும் தன் மேற்பரப்பு முழுவதாலும் உறிஞ்சுகிறது. எனவே காற்று மாசின் முதல் தாக்குதலை ஏற்பதும் அதுவே.

பீட்டின் செங்குத்து அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. மேலடுக்கில் நீர்மட்டம் பருவத்திற்கேற்ப ஏறி இறங்குவதால் காற்று புகுந்து வெளியேறுகிறது. அதற்குக் கீழுள்ள அடுக்கு எப்போதும் நீரில் மூழ்கி, ஆக்சிஜனின்றி இருக்கிறது. கந்தகச் சுழற்சியின் முக்கிய நிகழ்வுகள் இவ்விரு அடுக்குகளும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே நடைபெறுகின்றன.

சல்பேட் ஒடுக்கமும் கந்தகச் சேமிப்பும்

ஆக்சிஜன் கிடைக்காத சூழலில் நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைக்க வேறு எலக்ட்ரான் ஏற்பிகளை நாடுகின்றன. நைட்ரேட், மூவிணைதிற இரும்பு, சல்பேட் ஆகியவை கிடைக்கும் வரை ஆற்றல் மிகுதியாகத் தரும் வரிசையில் பயன்படுத்தப்படுகின்றன. இவை தீர்ந்த நிலையில் மீத்தேன் உருவாக்கம் முதன்மை பெறுகிறது. மழைநீரை மட்டும் நம்பிய பீட் நிலத்தில் நைட்ரேட்டும் இரும்பும் அரிது. எனவே மழையுடன் வரும் சல்பேட் அங்கு மிகுந்த முக்கியத்துவம் பெறுகிறது.

சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. சதுப்பில் சில வேளைகளில் எழும் அழுகிய முட்டை நாற்றம் இவ்வாயுவினுடையது. இவ்வினையில் ஒவ்வொரு சல்பேட் அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் நுகரப்படுகின்றன. அதாவது, மழை கொண்டுவந்த அமிலத்தைச் சதுப்புநிலம் நடுநிலையாக்குகிறது. கீழ்நிலையில் உள்ள ஏரிகளை அமிலமாதலிலிருந்து ஓரளவு காக்கும் வடிகட்டியாகப் பீட் நிலம் கருதப்பட்டதற்கு இதுவே காரணம்.

உருவான சல்பைடு மூன்று வழிகளில் செல்லலாம். ஒரு சிறு பகுதி வாயுவாக வெளியேறுகிறது. இரும்பு உள்ள இடத்தில் ஒரு பகுதி இரும்புச் சல்பைடாகவும் பைரைட்டாகவும் படிகிறது. எஞ்சியது கரிமப் பொருளுடன் வினைபுரிந்து, கரிமத்துடன் நேரடியாகப் பிணைந்த கந்தகமாக மாறுகிறது. கடற்படிவுகளில் இரண்டாம் வழி முதன்மையானது; இரும்பு குறைந்த பீட்டில் மூன்றாம் வழியே மேலோங்குகிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள பிக் ரன் சதுப்பில் 1980களில் நிகழ்ந்த ஆய்வுகள், அங்குள்ள பீட்டின் கந்தகத்தில் பெரும்பங்கு கரிமத்துடன் பிணைந்த வடிவில் இருப்பதைக் காட்டின. தாவரங்கள் சல்பேட்டை உறிஞ்சித் தம் உடலில் சேர்த்து, பின்னர் மடிந்து பீட்டாவதாலும் கரிமக் கந்தகம் பெருகுகிறது.

குறைந்த இருப்பும் விரைந்த சுழற்சியும்

கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 28 மில்லிமோல் சல்பேட் உள்ளது. பீட்டின் இடைநீரில் இருப்பதோ அதில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. இதனால் நன்னீர்ச் சதுப்புகளில் சல்பேட் ஒடுக்கம் புறக்கணிக்கத்தக்கது என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியது. கதிரியக்கக் கந்தகத்தைச் சுவடறியும் பொருளாகப் பயன்படுத்திய ஆய்வுகள் இவ்வெண்ணத்தை மாற்றின. சல்பேட்டின் இருப்பு குறைவாயினும் அது மிக விரைவாகப் பயன்படுத்தப்பட்டு, மீண்டும் உருவாகிறது என்பதை அவை புலப்படுத்தின. ஒடுக்கத்தின் வீதம் சில இடங்களில் கடற்படிவுகளின் வீதத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

கையிருப்பு சிறிதாயினும் பலமுறை கைமாறும் நாணயத்துக்கு இதனை ஒப்பிடலாம். நாணயத்தின் எண்ணிக்கையைவிட அது கைமாறும் வேகமே வணிகத்தின் அளவை முடிவு செய்கிறது. பீட்டில் இவ்வேகத்திற்குத் துணைபுரிபவை பல. நீர்மட்டம் தாழும்போது நுழையும் ஆக்சிஜன், சதுப்புத் தாவரங்களின் வேர்வழியாகக் கசியும் ஆக்சிஜன், மூவிணைதிற இரும்பு, ஹியூமிக் பொருள்களில் உள்ள குயினோன் தொகுதிகள் ஆகியவை சல்பைடை மீண்டும் ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. இவற்றுள் பின்னிரண்டும் ஆக்சிஜனே இல்லாத ஆழத்திலும் செயல்படக்கூடியவை.

இச்சுழற்சியை இயக்கும் உயிரிகள் எண்ணிக்கையில் மிகக் குறைந்தவையாகவும் இருக்கலாம். ஜெர்மனியின் பிக்டெல் மலைப்பகுதி அமில மழையால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடமாகும். அங்குள்ள ஷ்லோப்னர்ப்ருன்னன் பீட் நிலத்தில் நிகழ்ந்து 2010இல் வெளியான ஆய்வில், டீசல்போஸ்போரோசைனஸ் என்னும் பாக்டீரியப் பேரினம் சல்பேட் ஒடுக்கத்தில் முக்கியப் பங்காற்றுவது கண்டறியப்பட்டது. மொத்த நுண்ணுயிர்ச் சமூகத்தில் அதன் பங்கு 0.006 விழுக்காடு மட்டுமே. மிகுதியாக உள்ள உயிரியே மிகுதியாக வினைபுரியும் என்ற பொதுவான எதிர்பார்ப்பை இம்முடிவு கேள்விக்குள்ளாக்கியது.

மீத்தேனுடனான போட்டி

சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்களும் மீத்தேன் உருவாக்கும் ஆர்க்கியாக்களும் ஹைட்ரஜன், அசிட்டேட் ஆகிய ஒரே உணவுப் பொருள்களுக்குப் போட்டியிடுகின்றன. சல்பேட் கிடைக்கும்போது முன்னவை வெல்கின்றன. ஹைட்ரஜனின் செறிவை மீத்தேன் உருவாக்கிகள் பயன்படுத்த இயலாத அளவுக்குக் குறைத்துவிடுகின்றன. சல்பேட் படிவு மீத்தேன் வெளியீட்டைக் குறைப்பதற்கு இதுவே அடிப்படை.

இதன் அளவை எளிய கணக்கால் மதிப்பிடலாம். ஒரு மோல் சல்பேட் ஒடுங்கும்போது இரண்டு மோல் கரிமம் கரியமில வாயுவாகிறது. அதே இரண்டு மோல் கரிமம் மீத்தேன் பாதையில் சென்றிருந்தால் ஒரு மோல் மீத்தேனும் ஒரு மோல் கரியமில வாயுவும் உருவாகியிருக்கும். எனவே, கோட்பாட்டளவில் ஒரு மோல் சல்பேட் ஒரு மோல் மீத்தேனைத் தடுக்கிறது. ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 25 கிலோகிராம் கந்தகம் படிந்தால், ஒரு சதுர மீட்டருக்கு அது 2.5 கிராம். ஒவ்வொரு சல்பேட் அயனியும் ஒருமுறை மட்டுமே பயன்பட்டால், தடுக்கப்படும் மீத்தேன் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.25 கிராம். மறுசுழற்சியால் ஒரே கந்தகம் பலமுறை பயன்படுவதால், உண்மையான தடுப்பு இதைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

வடகிழக்கு ஸ்காட்லாந்தின் மொய்டாக் மோர் சதுப்பில் நிகழ்த்தப்பட்ட கள ஆய்வு இவ்வகையில் முதன்மையானது. மாசு குறைந்த அச்சதுப்பில், அமில மழையை ஒத்த அளவில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 25 முதல் 100 கிலோகிராம் வரை கந்தகம் சல்பேட் வடிவில் சிறுசிறு தவணைகளாகச் சேர்க்கப்பட்டது. மீத்தேன் வெளியீடு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. மேலும், 25 கிலோகிராமுக்கும் 100 கிலோகிராமுக்கும் இடையே தடுப்பின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சல்பேட் ஒடுக்கிகள் கைப்பற்றக்கூடிய உணவின் பங்கு குறைந்த படிவிலேயே நிறைவுற்றுவிடுகிறது என்பதை இது சுட்டுகிறது. இதன் மறுபக்கமும் கருதத்தக்கது: படிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தாலும் மீத்தேன் அதே விகிதத்தில் உடனே உயர்ந்துவிடாது.

இங்கு ஒரு தவறான முடிவைத் தவிர்த்தல் வேண்டும். மீத்தேன் வலிமைமிக்க பசுங்குடில் வாயு. அதைக் குறைப்பதால் அமில மழை நன்மை தருகிறது என்று வாதிட இடமுண்டு. ஆனால் அதே படிவு பீட்டை உருவாக்கும் ஸ்பேக்னத்தையே அழிக்கிறது. காற்றில் மீத்தேனின் ஆயுள் ஏறத்தாழ பத்தாண்டுகள். அரித்துச் செல்லப்பட்ட பீட்டில் இருந்த கரிமமோ பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது. ஒன்றை மற்றொன்றால் ஈடு செய்ய இயலாது. தூய காற்றினால் தளரும் இம்மீத்தேன் தடையைக் காலநிலைக் கணக்கீடுகளில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்வதே இவ்வாய்வுகளிலிருந்து பெறத்தக்க பயன்.

வறட்சியும் கந்தகத்தின் மீள்வரவும்

சல்பேட் ஒடுக்கத்தால் அமிலம் நடுநிலையாகிறது என மேலே கூறப்பட்டது. அந்நடுநிலையாக்கம் மீளக்கூடியது. கோடை வறட்சியில் நீர்மட்டம் தாழ்ந்து காற்று உட்புகும்போது, சேமிக்கப்பட்ட சல்பைடும் கரிமக் கந்தகத்தின் ஒரு பகுதியும் ஆக்சிஜனேற்றமடைந்து மீண்டும் சல்பேட்டாகின்றன. அன்று நுகரப்பட்ட ஹைட்ரஜன் அயனிகள் இன்று திரும்ப வெளிப்படுகின்றன. இலையுதிர்கால மழை அவற்றை ஒரே வீச்சில் ஓடைக்குக் கொண்டு சேர்க்கிறது.

1995ஆம் ஆண்டின் கோடை வறட்சியில் வட பென்னைனின் மூர் ஹவுஸ் ஆய்வுக்களத்தில் இந்நிகழ்வு தெளிவாகப் பதிவானது. பீட் நீரில் சல்பேட் உயர்ந்தது, பி.எச். மதிப்பு தாழ்ந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள பிளாஸ்டிக் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் இதே போக்கு காணப்பட்டது. அங்குள்ள சதுப்பு, ஈரமான ஆண்டுகளில் சல்பேட்டைத் தேக்கியது. வறண்ட கோடைகளுக்குப் பின் தான் பெற்றதைவிடக் கூடுதலாக வெளியிட்டது. படிவு குறைந்த பின்னரும் அப்பகுதியின் ஓடைகள் மீள்வதில் ஏற்பட்ட தாமதத்திற்கு இது ஒரு காரணமாக அறியப்பட்டது.

வெளியேறும் சல்பேட் அன்றைய மழையிலிருந்து வந்ததா, பழைய சேமிப்பிலிருந்து வந்ததா என்பதை அறியக் கந்தக ஐசோடோப்புகள் உதவுகின்றன. பாக்டீரியாக்கள் எடை குறைந்த கந்தக ஐசோடோப்பை முன்னுரிமையுடன் ஒடுக்குகின்றன. ஆகவே ஒடுக்கச் சேமிப்பு எடை குறைந்த ஐசோடோப்பில் செறிவுற்றிருக்கும். வறட்சிக்குப் பின் ஓடையில் வரும் சல்பேட் மழைச் சல்பேட்டைவிட எடை குறைந்த ஐசோடோப்பை மிகுதியாகக் கொண்டிருந்தால், அது ஒருமுறை ஒடுங்கி மீண்ட கந்தகம் என முடிவு செய்யலாம்.

எனவே, சதுப்பிலிருந்து நிலையாக நீங்கியதாகக் கருதத்தக்க கந்தகம் இரண்டே வகைப்படும்: வாயுவாகவோ நீரோடோ வெளியேறிவிட்டது ஒன்று, எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் ஆழத்தில் புதைந்து சுழற்சியிலிருந்து விலகியது மற்றொன்று. மேலடுக்கில் உள்ள எஞ்சிய கந்தகம் அனைத்தும் அடுத்த வறட்சியை எதிர்நோக்கியிருப்பதே.

பாதரசமும் பழுப்பு நீரும்

கந்தகச் சுழற்சியின் விளைவுகள் மேலும் இரு திசைகளில் விரிகின்றன. முதலாவது பாதரசம். காற்றின் வழியே படியும் கனிமப் பாதரசத்தை நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மெத்தில் பாதரசமாக மாற்றுவதில் சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் அறியப்பட்ட நோய்க்குக் காரணமான நஞ்சு இதுவே. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மார்செல் ஆய்வுக்காட்டில், 2001 முதல் ஒரு சதுப்பின் பாதிப் பரப்பிற்கு மட்டும் தெளிப்பான்கள் வழியே சல்பேட் சேர்க்கப்பட்டது. பாதரசம் எதுவும் கூடுதலாகச் சேர்க்கப்படவில்லை. ஆயினும் சதுப்பிலிருந்து வெளியேறிய மெத்தில் பாதரசம் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. சல்பேட் நிறுத்தப்பட்ட பகுதியில் அது படிப்படியாகத் தணிந்தது. வறட்சிக்குப் பின் நிலம் மீண்டும் நனைந்தபோது சல்பேட்டும் மெத்தில் பாதரசமும் மறுபடி உயர்ந்தன. பாதரசத்தைக் குறைக்கக் கந்தகத்தையும் குறைத்தல் வேண்டும் என்பதற்கு இவ்வாய்வு நேரடிச் சான்றாகும்.

இரண்டாவது, நீரின் நிறம். சல்பேட்டால் அமிலத்தன்மையும் அயனிச் செறிவும் கூடும்போது ஹியூமிக் பொருள்களின் கரைதிறன் குறைகிறது. படிவு குறையும்போது அவை மீண்டும் கரைந்து நீரைப் பழுப்பாக்குகின்றன. வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் உள்ள 522 ஏரிகள், ஓடைகள் ஆகியவற்றின் 1990 முதல் 2004 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2007இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரை, கரைந்த கரிமம் உயர்ந்து வருவதைப் படிவின் வேதியியல் மாற்றத்தோடு தொடர்புபடுத்தியது. ஒருவகையில் இது தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்கு நீர் திரும்புவதன் அறிகுறி. ஆனால் பீட் நிலத்து நீரைக் குடிநீராக்கும் நகரங்களுக்கு இது ஒரு சுமை. கரைந்த கரிமம் குளோரினுடன் வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன்களை உருவாக்குவதால், சுத்திகரிப்புச் செலவு கூடுகிறது.

தென் பென்னைன்: ஒரு தொடர்விளைவு

மேற்கண்ட செயல்முறைகள் அனைத்தும் ஒரே நிலத்தில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைத் தென் பென்னைனில் காணலாம். கந்தக டை ஆக்சைடு நீரில் கரைந்து உருவாகும் பைசல்பைட்டு, ஸ்பேக்னத்திற்கு நஞ்சாக அமைவதை 1970களின் ஆய்வுகள் நிறுவின. தொழில்நகரங்களின் புகையால் ஸ்பேக்னம் பரந்த பரப்புகளில் மறைந்தது. தீ, மேய்ச்சல் ஆகியவையும் சேர, போர்வையிழந்த பீட் மழையால் அரிக்கப்பட்டு ஆழமான ஓடைப்பள்ளங்கள் உருவாயின. பள்ளங்கள் நிலத்தின் நீரை வடித்தன. நீர்மட்டம் தாழ்ந்ததால் காற்று உட்புகுந்து, சேமிப்பிலிருந்த கந்தகம் சல்பேட்டாகி வழிந்தது. அரிப்புப் பள்ளங்கள் மிகுந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து கந்தகம் கசிவதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதி செய்தன.

2003இல் தொடங்கப்பட்ட ‘மூர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர்’ கூட்டமைப்பு, பள்ளங்களைச் சிறு தடுப்புகளால் அடைத்தும் ஸ்பேக்னத்தை மீண்டும் நட்டும் இந்நிலங்களைச் சீரமைத்து வருகிறது. காற்று தூய்மையடைந்ததால் ஸ்பேக்னம் மீண்டும் வாழ முடிகிறது. ஆனால் காற்றின் தூய்மை மட்டும் பள்ளங்களை மூடிவிடாது. நீர்மட்டம் உயர்ந்தாலன்றி, கந்தகச் சேமிப்பு மூடிய நிலையில் நிலைத்திருக்காது.

முடிவுரை

அமிலப் படிவைக் குறைப்பதற்கான பன்னாட்டு முயற்சி, 1979இல் ஜெனிவாவில் கையெழுத்தான எல்லை கடந்த காற்று மாசு உடன்படிக்கையுடன் தொடங்கியது. அது பெரும் வெற்றி கண்டது. எனினும், படிவு குறைந்தால் நிலம் தானே மீளும் என்ற எதிர்பார்ப்பு பீட் நிலங்களைப் பொறுத்தவரை முழுமையாக நிறைவேறவில்லை. அதற்கான காரணத்தைக் கந்தகச் சுழற்சி விளக்குகிறது. நீர் தேங்கிய காலத்தில் சதுப்புநிலம் அமிலத்தை ஏற்று, சல்பேட்டை ஒடுக்கி, கரிமத்தோடு பிணைத்து வைக்கிறது. நீர் வற்றும் காலத்தில் அதையே திருப்பித் தருகிறது.

காலநிலை மாற்றத்தால் கோடை வறட்சிகள் மிகும் இடங்களில் இப்பழைய நிலுவை அடிக்கடி வெளிப்படக்கூடும். ஆகவே ஒரு பீட் நிலம் மீண்டுவிட்டதா என்பதை அதன்மீது பெய்யும் மழையின் தூய்மையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. அதன் கந்தகச் சேமிப்பின் வடிவம், நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம், வறட்சிக்குப் பிந்தைய ஓடைநீரின் வேதியியல் ஆகிய மூன்றையும் இணைத்துக் கணக்கிடுதல் வேண்டும். காற்று மாசைக் கட்டுப்படுத்துவதும் நீர்மட்டத்தைப் பேணுவதும் தனித்தனிப் பணிகளாக நிர்வகிக்கப்படுகின்றன. பீட் நிலத்தைப் பொறுத்தவரை அவை ஒரே பணியின் இரு பகுதிகளாகும்.